நீங்கள் பிறந்தது எந்த மாதம்?

அபார்ட்மென்ட் அசோசியேஷன், பழைய மாணவர் சங்கம், கோயில் திருவிழா கமிட்டி, சர்ச் இளைஞர் குழு... எதுவாக இருந்தாலும் ஒரு புலம்பல் மட்டும் பொதுவாகக் கேட்கும். ''குரூப்ல இருநூறு பேர் இருக்காங்க. வேலைன்னா வர்றது அதே நாலு பேர்தான்!''

இந்தப் புலம்பலுக்கு 1954-லேயே ஓர் இளம் போதகர் ஒரு வழி கண்டுபிடித்தார். இந்த வாரம் அந்தக் கதை.

இடம், அமெரிக்காவில் அலபாமா மாநிலத்தின் தலைநகரான மான்ட்கோமரி. அங்கே கறுப்பின மக்களின் டெக்ஸ்டர் அவென்யூ பாப்டிஸ்ட் சபைக்குப் புதிதாக வந்த போதகருக்கு வயது 25. பெயர், மார்ட்டின் லூதர் கிங்!

பாப்டிஸ்ட் சபைகளுக்கு மேலிருந்து உத்தரவு போட பிஷப் கிடையாது. ஒவ்வொரு சபையும் தன் காரியங்களைத் தானே முடிவு செய்துகொள்ளும். அதனால் சபையார் கைகொடுக்காவிட்டால் எதுவும் நகராது. இது தெரிந்த கிங், பொறுப்பேற்ற சில வாரங்களிலேயே சபையார் முன் ஒரு திட்டப் பட்டியலை வைத்தார்.

அதில் எனக்கு ரொம்பப் பிடித்தது, 'பிறந்த மாத கிளப்'. ஜனவரியில் பிறந்தவர்கள் ஜனவரி கிளப், பிப்ரவரியில் பிறந்தவர்கள் பிப்ரவரி கிளப் என மொத்தம் 12. பொறுப்பாளர்களை அவர்களே தேர்ந்தெடுத்துக்கொள்ள வேண்டும். தங்கள் மாதத்தின் கடைசி ஞாயிறன்று அந்த கிளப் சிறப்புக் காணிக்கை தர வேண்டும். அது சபையின் கட்டட நிதிக்குப் போகும்.

எவ்வளவு எளிமை பாருங்கள்! பிறந்த மாதத்துக்குப் படிப்போ அந்தஸ்தோ தெரியாது. பாட்டியும் பேத்தியும் ஒரே கிளப்பில் இருக்கலாம். 'என்னை யாருமே கூப்பிடலை' என்ற மனக்குறைக்கும் இடமில்லை. 'நான் எந்தக் குழுவிலும் இல்லையே' என்று நழுவவும் முடியாது.

இதோடு புதியவர்களை வரவேற்க ஒரு குழு, நோயாளிகளுக்கும் ஏழைகளுக்கும் உதவ ஒரு குழு, மாணவர் உதவித்தொகைக்கு ஒரு குழு என்று வேலைகள் பிரிக்கப்பட்டன. சமூக, அரசியல் விஷயங்களுக்கும் தனிக் குழு இருந்தது. சபையார் ஒவ்வொருவரும் வாக்காளராகப் பதிவுசெய்ய வேண்டும் என்பது அதன் முக்கிய நோக்கம். கறுப்பின மக்கள் வாக்காளராவதே பெரும்பாடாக இருந்த காலம் அது. ஜோ ஆன் ராபின்சன், மேரி ஃபேர் பர்க்ஸ் என்ற இரண்டு ஆங்கிலப் பேராசிரியைகள் அந்தக் குழுவின் தூண்களாக இருந்தார்கள்.

வந்தது சோதனை

1955 டிசம்பர் 1. பேருந்தில் வெள்ளையருக்கு இருக்கையை விட்டுத்தர மறுத்த ரோசா பார்க்ஸ் கைதானார். அன்று இரவே ராபின்சன் தன் கல்லூரியின் பிரதியெடுக்கும் இயந்திரத்தில், பேருந்தைப் புறக்கணிக்கச் சொல்லும் துண்டறிக்கைகளை ஆயிரக்கணக்கில் அச்சடித்தார். டிசம்பர் 5-ம் தேதி பேருந்துகள் காலியாக ஓடின. அன்று மாலை ஹோல்ட் ஸ்ட்ரீட் பாப்டிஸ்ட் சபையில் கூடிய கூட்டம் தெருவரை நிரம்பியது.

இது ஒரு சபை மட்டும் நடத்திய போராட்டம் அல்ல. ராபின்சனும் பர்க்ஸும் இருந்த பெண்கள் அமைப்பு பல வருடங்களாகவே பேருந்துக் கொடுமையை எதிர்த்துவந்தது. ஊரின் பல சபைகளும் சேர்ந்துகொண்டன. ஆனால், யாரிடம் கார் இருக்கிறது, யார் ஓட்டுவார், யார் கணக்கு பார்ப்பார் என்று விசாரித்து வேலையைப் பிரித்துக்கொடுக்க, ஏற்கெனவே ஒருவரையொருவர் அறிந்த மனிதர்கள் தயாராக இருந்தார்கள். வேலைக்குப் போகிறவர்களை ஏற்றிச்செல்ல, பிறகு சபைகளின் பெயரிலேயே வேன் போன்ற பெரிய கார்களும் வாங்கப்பட்டன. 'உருளும் சபைகள்' என்றே அவற்றுக்குப் பெயர்!

பெட்ரோலுக்குப் பணம்? அங்கேதான் ஜார்ஜியா கில்மோர் வருகிறார். மேடையில் பேசுகிறவர் இல்லை. அவர் ஒரு சமையல்காரர். சில பெண்களைச் சேர்த்துக்கொண்டு சிக்கன் சாண்ட்விச், கேக், பை எல்லாம் செய்து விற்றார். வந்த பணத்தைப் போராட்டக் கூட்டத்தில் கொடுத்தார். அந்தக் குழுவின் பெயர், 'எங்கிருந்தும் வராத கிளப்'. 'பணம் எங்கிருந்து வந்தது?' என்று கேட்டால், 'எங்கிருந்தும் வரலை' என்று சொல்லிவிடலாமே! சமைத்தவர், வாங்கியவர் யாருடைய வேலைக்கும் ஆபத்து வராது. ஆனால், கில்மோர் நீதிமன்றத்தில் வெளிப்படையாகச் சாட்சி சொல்லித் தன் வேலையை இழந்தார். வீட்டிலேயே சமைத்து விற்கும்படி ஊக்கமும் உதவியும் தந்தவர் கிங்.

381 நாள்கள் நீடித்தது போராட்டம். பேருந்துகளில் இனப் பாகுபாடு சட்டவிரோதம் என்று உச்ச நீதிமன்றம் உறுதிசெய்தது. 1956 டிசம்பர் 21-ம் தேதி கறுப்பின மக்கள் விரும்பிய இருக்கையில் அமர்ந்து பயணித்தார்கள்.

நம் குழுவில்..?

வெள்ளம் வந்த பிறகு வாட்ஸ்அப் குரூப் ஆரம்பிப்பது நமக்குப் பழக்கம். யார் வீட்டில் படகு இருக்கிறது, யாருக்கு முதலுதவி தெரியும், தனியாக இருக்கும் முதியவர் யார் என்று அதற்குப் பிறகுதான் தேடுவோம். சும்மா இருக்கும் நாளில் இதைத் தெரிந்துவைத்துக்கொள்ளத்தான் குழு.

'யாராவது வாங்க' என்று பொதுவாகப் போடும் மெசேஜுக்குக் கட்டைவிரல் எமோஜிதான் பதிலாக வரும். பெயர் சொல்லி, சின்னதாக ஒரு வேலை கொடுத்துப் பாருங்கள். மைக் பிடிக்கக் கூச்சப்படுகிறவர் நன்றாகச் சமைப்பார். கூட்டத்துக்கு வர முடியாதவர் வீட்டிலிருந்தே கணக்கு எழுதுவார்.

எப்படி ஆரம்பிப்பது என்று தெரியவில்லையா? 'நீங்க எந்த மாசம் பிறந்தீங்க?' என்று கேளுங்கள். அந்தக் கேள்விக்குப் பதில் தெரியாதவர் யாரும் குரூப்பில் இருக்க மாட்டார்கள்.

அடுத்த வாரம் சந்திப்போம்!