எல்லாம் தாக்கமா?

வெளிமாநிலங்களில் வாழும் தமிழரிடையே ஒரு பேச்சு அடிக்கடி எழுகிறது. 'ஹிட், ஸ்ட்ரைக், பீட், நாக், ஸ்லாப், பஞ்ச் என்று அடித்தலுக்கே ஆங்கிலத்தில் எத்தனை சொற்கள்! தமிழில் அடி என்னும் ஒன்றைத் தவிர வேறென்ன உண்டு?' என்று கேட்போர் படித்த அன்பர்களே. இப்பேச்சை மறுப்பதும், இதன் அடியில் கிடக்கும் மனப்பான்மையைச் சுட்டுவதும் நம் கடமை எனக் கருதுகிறோம்.

முதலில், வறுமை உண்டா என்று பார்ப்போம். உள்ளங்கையால் கன்னத்தில் விழுவது அறை; முட்டியால் விழுவது குத்து; விரற்கணுவால் தலையில் விழுவது குட்டு; காலால் விழுவது உதை. கதவைத் தட்டுகிறோம், மத்தளத்தைக் கொட்டுகிறோம், நெல்லைக் குத்துகிறோம், அரிசியை இடித்து மாவாக்குகிறோம். பிள்ளையார் முன்னே நின்று நமக்கு நாமே குட்டிக்கொள்கிறோமே, அதனை ஒரே சொல்லில் உரைக்க ஆங்கிலத்தால் இயலுமா? குட்டுப்பட்டாலும் மோதிரக் கையால் குட்டுப்பட வேண்டும் என்னும் பழமொழியின் நயத்தை 'நாக்' என்னும் சொல் தாங்குமா? குறை மொழியில் இல்லை.

ஆங்கிலத்தை நாம் இகழவில்லை. அடித்தலைக் குறிக்கும் அதன் சொற்கள் பல, நெடுவழி நடந்து வந்தவை. 'ஹிட்' என்பது ஸ்காண்டிநேவியரின் பழைய மொழியிலிருந்து வந்தது. ஆங்கு அதன் பொருள் எதிர்ப்படுதல். 'ஸ்ட்ரைக்' என்பதற்குக் கப்பற்பாயை இறக்குதல் என்றும் ஒரு பொருள் உண்டு. 1768-இல் இலண்டனில் மாலுமிகள் பாய்களை இறக்கிவைத்துத் தொழிலை நிறுத்தினர். வேலைநிறுத்தத்திற்கு அச்சொல் அங்கிருந்தே வந்தது. காவலர் சுற்றிவரும் எல்லைக்குப் 'பீட்' என்று பெயர். இவற்றில் அடி எங்கே விழுகிறது?

'ஸ்ட்ரைக்' என்பதைத் தமிழாக்கியவர் விவேகம் உடையவர். அகராதியில் அடித்தல் என்று இருக்கக் கண்டு மயங்காமல், நிகழ்வதைக் கண்டு 'வேலைநிறுத்தம்' என்றார். ஆலைத் தொழிலாளியின் நாவிலும் அரசின் ஆணையிலும் அச்சொல் ஒருங்கே வழங்குகிறது. அந்த விவேகம் இன்று எங்கே போயிற்று?

ஒரு சாரார் 'பண்ணு' கட்சியினர். பந்தை 'ஹிட் பண்ணு', எதிரணியைப் 'பீட் பண்ணு', பட்டியலில் பெயரை 'ஸ்ட்ரைக் ஆஃப் பண்ணு' என்பர். பந்தை அடி, எதிரணியை வெல், பெயரை அடித்துவிடு என்னும் வினைகள் கையருகே இருக்க, எல்லாவற்றையும் ஒரு பண்ணுக்குள் அடைத்துவிடுகின்றனர்.

மறு சாரார் தூய தமிழ் எழுதுவதாகப் பெருமை கொள்வோர். இவர்களிடம் உள்ள ஒரே கருவி 'தாக்கு'. வறட்சி மாவட்டத்தைத் தாக்குகிறது. எண்ணம் கவிஞரைத் தாக்குகிறது. இலக்கியக் கட்டுரையாளரோ 'இம்பாக்ட்' என்பதனைத் தாக்கமாக்கி, 'கம்பரிடம் வான்மீகியின் தாக்கம்' என்று எழுதுகிறார். கம்பர் என்ன, அடிபட்டா பாடினார்? படை தாக்கும், யானை தாக்கும், பயிரைப் புழு தாக்கும். பகையும் ஊறும் உள்ள இடத்தில் அச்சொல் பொருந்தும். ஒரு புலவர் மற்றொரு புலவரை உவந்து கற்ற இடத்தில் பொருந்தாது. கம்பர் வான்மீகியின் வழியில் வந்தார் எனலாம். அவரிடமிருந்து கொண்டார் எனலாம். வறட்சியால் மாவட்டம் வாடுகிறது, எண்ணம் தோன்றுகிறது. 'புயல் கரையைக் கடக்கும்' என்று வானிலை அறிவிப்பில் கேட்கிறோமே, அதில் உள்ள தெளிவு ஏனையோர்க்கு ஏன் கைவரவில்லை?

இவ்விரு சாராரும் ஒருவரையொருவர் பழிப்பர். நமக்கோ இருவரும் ஒருவரே. இருவரும் முதலில் ஆங்கிலத்தில் எண்ணிப் பின்னர்த் தமிழைத் தேடுகின்றனர். நாம் சுவருக்கு வெள்ளையடிக்கிறோம், கண்ணடிக்கிறோம், அரட்டையடிக்கிறோம். இவற்றை 'ஹிட்' என்று பெயர்த்தால் ஆங்கிலேயர் நகைப்பர் என்று அஞ்சுகிறோம். நம் பாட்டிமார் நகைப்பரே என்று ஏன் அஞ்சுவதில்லை? தந்திச் சேவை 2013-இல் நின்றுபோயிற்று. ஆயினும் தந்தியடித்துப் பழகிய நா, 'போன் அடி' என்று அவ்வினையைத் தொலைபேசிக்கும் நீட்டிக்கொண்டது. எந்தக் குழுவும் கூடி அதனை வகுக்கவில்லை. வினை உயிரோடு இருந்தால் மொழி புதியதைத் தானே ஏற்கும்.

இஃது ஏதோ புலவர் பூசல் அன்று. வெளிமாநிலத்தில் வளரும் நம் பிள்ளைகள் பள்ளியில் ஆங்கிலமும், தெருவில் வட்டார மொழியும் கேட்கின்றனர். தமிழை வீட்டிலும் சங்கத்திலுமே கேட்கின்றனர். வீட்டில் எல்லாம் பண்ணு, மேடையிலும் மலரிலும் எல்லாம் தாக்கம் என்றாகிவிட்டால், குட்டும் கொட்டும் தட்டும் மோதும் அவர்கள் செவியில் எப்போது விழும்? பெயர்ச்சொற்களைக் கடன் வாங்கி எந்த மொழியும் பிழைக்கும். வினைகளை இழந்த மொழியோ எலும்பில்லாத உடல்.

ஆகவே சங்கத்தின் தமிழ் வகுப்பு ஆசிரியர்களை வேண்டுகிறோம்: பழங்களின் பெயரும் பறவைகளின் பெயரும் சொல்லிக்கொடுத்தது போதும், வினைகளைச் சொல்லிக்கொடுங்கள். பெற்றோரை வேண்டுகிறோம்: பிள்ளை 'ஹிட் பண்ணினான்' என்று முறையிடும்போது, அறைந்தானா, குத்தினானா, குட்டினானா என்று கேளுங்கள். இத்தகைய மலர்களில் எழுதுவோரை வேண்டுகிறோம்: 'தாக்கம்' என்று எழுதுமுன், அவ்விடத்தில் உண்மையாகவே அடி விழுந்ததா என்று பாருங்கள். விழவில்லையேல் அச்சொல்லை அடித்துவிடுங்கள்.