எத்தனை நிமிஷம்னு யாருக்காகக் கேட்டீங்க?

ஏனுங்க, கோவிச்சுக்காம ஒண்ணு கேக்கறேன். சோமனூரில் இப்போதெல்லாம் நாலு பேர் கூடினால் தறிக் கூலியைவிட மலையடிவாரத்து சைட்டைப் பற்றித்தான் அதிகம் பேசுகிறோம். 2025-ல் கூலி உயர்வு கேட்டு ஒரு மாதத்துக்கு மேல் தறியை நிறுத்திப் பார்த்தோம். நம்மில் சிலர் தறியையே பழைய இரும்பு விலைக்குப் போட்டுவிட்டார்கள். கைக்கு வந்த காசோடு, "புள்ளைக பஞ்சுத் தூசியில வளர வேண்டாம்" என்று ஆனைகட்டிப் பக்கமும் கோத்தகிரிப் பக்கமும் இடம் பார்க்கக் கிளம்புகிறோம். அந்த ஆசையை நான் குறை சொல்லவில்லை. தறிச் சத்தத்தைத் தாலாட்டாகக் கேட்டு வளர்ந்த குழந்தைக்கு மயில் அகவுவதைக் கேட்கக் கொடுத்துவைக்கட்டுமே.

நான் ஏசுவது, இடத்தில் கால் வைத்ததும் நாம் கேட்கிற முதல் கேள்வியை. "டவுனுக்கு எத்தனை நிமிஷம்?"

புரோக்கரும் சளைக்காமல் சொல்வார்: "முக்கால் மணி நேரம்ங்க, ரோடு வெண்ணெய் மாதிரி." அவர் சொல்வது பொய்யில்லை. கோவை காந்திபுரத்திலிருந்து ஆனைகட்டி முப்பது கிலோமீட்டர் சொச்சம்தான். ஞாயிற்றுக்கிழமை விடிகாலையில், காரில், வயிறு நிறைய காபியோடு போனால் முக்கால் மணி நேரத்தில் போய்விடலாம். ஆனால் அந்தக் கணக்கு உங்களுக்கு. நீங்கள் வாரத்துக்கு இரண்டு நாள் டவுனுக்குப் போவீர்கள். போகப் பிடிக்காவிட்டால் போனிலேயே பேசி முடிப்பீர்கள். தினமும் காலையும் மாலையும் அந்த ரோட்டில் போகப்போவது குழந்தை. அதை யாராவது கேட்டோமா?

ஏசுவதற்கு எனக்கு அருகதை உண்டா என்றால், உண்டு. இந்தத் தப்பை நானே செய்தவன். மாங்கரைக்கு மேலே ஒரு வீட்டை வாடகைக்குப் பிடித்து ஒரு வருஷம் இருந்தோம். பெரியவள் அப்போது ஆறாவது. பள்ளிக்கூடம் டவுனுக்குள். ஆறரைக்கு வேன். தூக்கத்தில் சாயும் தலையை நான் தோளில் தாங்கிக்கொள்ள, அவள் அம்மா சடை பின்னிவிடுவாள். தடாகம், கணுவாய் என்று வழியெல்லாம் குழந்தைகளை ஏற்றிக்கொண்டு வேன் போய்ச் சேர எட்டேகால். போக ஒன்றே முக்கால் மணி நேரம், வர ஒன்றே முக்கால். 200 நாள் பள்ளிக்கூடம் என்று வையுங்கள். 700 மணி நேரம். கிட்டத்தட்ட ஒரு மாசம், ராத்திரி பகலாக வேன் சீட்டிலேயே.

டிபன் பாக்ஸ் மட்டும் தினமும் வழித்த மாதிரி காலியாகத் திரும்பி வந்தது. மலைக்காற்றுக்குப் பசி எடுக்கிறது என்று நாங்கள் பூரித்துப்போனோம். மூன்று மாசம் கழித்து ஒருநாள் மறந்துபோன தண்ணி பாட்டிலைக் கொடுக்க வேன் நிற்கிற இடத்துக்கு ஓடினேன். அவள் உட்கார்ந்து ஒரு செவலை நாய்க்கு இட்லியைப் பிட்டுப் பிட்டுப் போட்டுக்கொண்டிருந்தாள். பழகின நாய், வாலை ஆட்டிக்கொண்டு அடுத்த துண்டுக்குக் காத்திருந்தது. "ஏங்கண்ணு?" என்றேன். "சாப்புட்டா வளைவுல வாந்தி வருதுப்பா. வேன்ல எல்லாரும் சிரிக்கறாங்க." எங்களிடம் ஏன் சொல்லவில்லை என்றதற்கு, "நீங்க ஆசையா வந்தீங்கல்ல" என்றாள்.

சாயங்காலக் கதை தனி. ஆனை ரோட்டில் நின்றால் வேன் நிற்கும். வனத்துறை ஆட்கள் வந்து விரட்டும்வரை குழந்தைகள் மூத்திரத்தை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கும். ஆனை மேல் தப்பில்லை, அது அதன் தடம். தடாகம் பள்ளத்தாக்கில் செம்மண்ணை ஆளுயரத்துக்கு மேல் தோண்டிய செங்கல் சூளைகளை 2021-ல் மூடவைக்கும்வரை அதன் தடத்தில் நாம் பண்ணிய அட்டூழியம் கொஞ்சமா? இதற்கிடையில் புரோக்கர்கள் "அப்ரூவல் எல்லாம் பக்கா" என்பார்கள். மலைக் கிராமம் என்று அறிவிக்கப்பட்ட ஊர்களில் மனை போட, 1990-ல் வந்த மலைப்பகுதிப் பாதுகாப்புக் குழுமம், அதுதான் ஹாக்கா, அதன் அனுமதி வேண்டும். பஞ்சாயத்துச் சீல் ஒன்றைக் காட்டினால் தலையாட்டிவிட்டு வராதீர்கள்.

நீலகிரிக்காரர்கள் ஆகப்போகிறோம் என்கிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. "மேட்டுப்பாளையத்துல ரயில் இருக்குதுங்களே" என்று ஒருவர் என்னிடமே சொன்னார். இருக்கிறது. ஊட்டிக்கு 46 கிலோமீட்டர் ஏற அதற்குக் கிட்டத்தட்ட ஐந்து மணி நேரம். அதை நம்பிப் பிள்ளையை டவுன் பள்ளிக்கூடத்துக்கு அனுப்ப முடியுமா? கல்லாறு தாண்டிக் குன்னூருக்குப் பதினாலு கொண்டை ஊசி வளைவு. 2009 நவம்பர் மழையில் மலை சரிந்து நாற்பது பேருக்கு மேல் செத்ததும், ரோடும் ரயிலும் அறுந்து கிடந்ததும் அதற்குள் மறந்துவிட்டதா? 2024 மே 7-லிருந்து வெளிவண்டிகளுக்கு இ-பாஸ் வேறு. பேத்தியைப் பார்க்க சோமனூரிலிருந்து அமுச்சி முறுக்கு டப்பாவோடு கார் ஏறினால், முதலில் பாஸ் எடுக்க வேண்டும்.

மலைக்குப் போகவே கூடாது என்றா சொல்கிறேன்? இல்லை. போனால் மலைக்காரர்களாகப் போங்கள். அங்கே இருக்கிற பள்ளிக்கூடத்தில் இருளர் வீட்டுப் பிள்ளைகளோடு உங்கள் பிள்ளையையும் சேர்த்துவிடுங்கள். அங்கத்திய சந்தையில் காய் வாங்குங்கள். அப்படிப் போனவர்கள் ஒன்றிரண்டு பேரை எனக்குத் தெரியும், அவர்களைக் கண்டால் கையெடுத்துக் கும்பிடுவேன். நாம் கேட்பது அதுவல்ல. படுக்க மலை, பிழைக்க டவுன். அவினாசி ரோட்டில் பத்து கிலோமீட்டர் மேம்பாலம் வந்துவிட்டது, தறியைப் பார்க்க நாம் சர்ரென்று வந்து போய்விடலாம் என்று மனக்கணக்குப் போடுகிறோம். மேம்பாலம் அப்பனுக்கு, கணுவாய் நெரிசல் மகளுக்கு. அவளுக்கு டவுனில் சாயங்காலம் விளையாட நேரமில்லை, மலையில் விளையாடக் கூட்டாளி இல்லை.

அட்வான்ஸ் கொடுக்கும் முன்னால் ஒரே ஒரு வேலை செய்யுங்கள். காரை வீட்டிலேயே விட்டுவிடுங்கள். முந்தின நாள் ராத்திரி அங்கேயே யார் வீட்டிலாவது தங்கி, திங்கட்கிழமை ஐந்தே முக்காலுக்கு எழுந்து, மூன்று இட்லி தின்றுவிட்டு, ஏழு கிலோ பையை மடியில் வைத்துக்கொண்டு, பள்ளிக்கூட வேனில் கடைசி சீட்டில் உட்கார்ந்து போய்விட்டு, சாயங்காலம் அதே வேனில் திரும்பி வாங்க. வீட்டு அம்மணியையும் கூட்டிட்டுப் போங்க. மறக்காம ஆளுக்கொரு எலுமிச்சம்பழம் எடுத்துக்குங்க.