384 பேரும் ஒரு காசோலையும்

என் பெறாமகள் ஒருத்தி பல்கலைக்கழகமொன்றில் வணிக முகாமைத்துவம் பயில்கிறாள். இறுதியாண்டு ஆய்வுக்கான வினாக்கொத்தையும் தூக்கிக்கொண்டு சில மாதங்களுக்கு முன்னர் கொழும்பிலுள்ள என் வீட்டுக்கு வந்திருந்தாள். ஆங்கிலத்தில் இருந்ததைத் தானே தமிழாக்கியிருந்தாள். முப்பது வருடமாகப் பத்திரிகை அலுவலகங்களில் பிழை திருத்திப் பழகிய பெரியப்பா ஒருமுறை பார்த்துத் தரவேண்டும் என்பது அவளது வேண்டுகோள்.

பார்த்தேன். முதலாவது கூற்று இவ்வாறு இருந்தது: 'எனது வழங்குநர்களுடனான உறவுமுறையானது எனது வணிகத்தின் நிலைபேறான செயலாற்றுகையில் நேர்க்கணியத் தாக்கத்தினை ஏற்படுத்துகின்றது.' எதிரே ஐந்து பெட்டிகள். முற்றாக உடன்படவில்லை என்பதில் தொடங்கி முற்றாக உடன்படுகிறேன் என்பதுவரை. இப்படி நாற்பதுக்கு மேற்பட்ட கூற்றுகள். எழுத்துப் பிழை ஒன்றுமில்லை. இலக்கணமும் சரி. ஆனால் இந்த வாக்கியத்தைத் தமிழ் பேசும் எந்த வியாபாரியும் தன் வாழ்நாளில் சொல்லியிருக்கவும் மாட்டான், கேட்டிருக்கவும் மாட்டான்.

"ஆரிட்டைக் கேக்கப் போறாய் பிள்ளை?"

"புறக்கோட்டை மொத்த வியாபாரியளிட்டை, பெரியப்பா."

"எத்தனை பேர்?"

"384."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இந்த எண்ணை நான் முன்னரும் கண்டிருக்கிறேன். முகாமைத்துவ ஆய்வு மாநாடுகளுக்குச் செய்தி சேகரிக்கப் போகும் எவரும் இதைத் திரும்பத் திரும்பக் காண்பார்கள். 1970 இல் கிரெஜ்சி, மோர்கன் என்ற இரு அமெரிக்கர்கள் வெளியிட்ட அட்டவணை ஒன்றிலிருந்து வருவது அது. குடித்தொகை பத்து இலட்சம் என்றால் மாதிரி 384 பேர். அட்டவணையில் தவறில்லை. ஆனால் அந்த 384 பேரும் முழுப்பட்டியலில் இருந்து எழுமாற்றாக, சீட்டுக் குலுக்கியது போலத் தெரிவுசெய்யப்பட்டிருக்க வேண்டும் என்பது அதன் அடிப்படை நிபந்தனை. புறக்கோட்டை வியாபாரிகளின் முழுப்பட்டியல் யாரிடம் இருக்கிறது? மாணவியின் கையில் இருப்பது பேருந்துக் காசும் இரண்டு கிழமை விடுமுறையும். கதவு திறந்திருக்கும் கடைக்குப் போவாள், முகம் கொடுத்துப் பேசுபவரிடம் தாளை நீட்டுவாள். அப்படி 384 பேரைப் பிடித்தாலும் 3,840 பேரைப் பிடித்தாலும் அட்டவணை தரும் உத்தரவாதம் கிடைக்காது. எண் மட்டும் ஆய்வேட்டின் மூன்றாம் அத்தியாயத்தில் கம்பீரமாக நிற்கும்.

நிற்க. பிள்ளையைத் தனியே விட மனமில்லாமல் நானும் கூடப் போனேன். நான்காம் குறுக்குத் தெருவில், வெங்காய மூடைகளுக்கும் செத்தல் மிளகாய்ச் சாக்குகளுக்கும் நடுவே, எனக்குப் பல வருடமாகத் தெரிந்த முதலாளி ஒருவரின் கடை. தாளை வாங்கிப் பார்த்தார். முதற் பக்கத்தைப் புரட்டினார். பின்னர் சொன்னார்: "தங்கச்சி, எல்லாத்துக்கும் நாலு போடுங்கோ. அஞ்சு போட்டால் பொய் எண்டு நினைப்பினம்."

அவள் நாற்பது தடவை நான்கில் புள்ளடி இட்டாள். தேநீர் வந்தது. வினாக்கொத்து பைக்குள் போனதன் பின்னர்தான் அந்த மனிதர் பேசத் தொடங்கினார். மேசை லாச்சியைத் திறந்து ஒரு காசோலையைக் காட்டினார். நாற்பத்தைந்து நாள் பின்திகதியிடப்பட்டது. பெயர் எழுதும் இடத்தில் 'காசு' என்று மட்டும் இருந்தது. வெளிமாவட்டக் கடைக்காரர் ஒருவர் பருப்புக்காகக் கொடுத்தது. இவர் அதை வங்கியில் இடமாட்டார். தனக்குச் சீனி தருபவரிடம் கொடுப்பார். அவர் இறக்குமதிக்காரரிடம் கொடுப்பார். திகதி வருவதற்குள் நான்கு, ஐந்து கை மாறிவிடும். ஒவ்வொரு கையும் முந்திய கையை நம்பித்தான் வாங்குகிறது. காசோலை திரும்பினால் வழக்குக்குப் போவதற்கு முன்னர் அதே கைகளின் வழியே பின்னோக்கி வரும். யார் கையெழுத்து எந்தத் தெருவில் செல்லும், யாருடையது எந்த மாதத்தில் செல்லாது என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். வட்டி பொருளின் விலையிலேயே ஒளிந்திருக்கிறது. அதையும் கணக்குப் பார்த்துச் சொன்னார்.

2022 இல் என்ன நடந்தது என்பதையும் சொன்னார். ஏப்ரல் 12 ஆம் திகதி அரசாங்கம் வெளிநாட்டுக் கடனைச் செலுத்த முடியாதென்று அறிவித்த காலத்தில் தனக்குத் தெரிந்த மொத்த வியாபாரிகள் பின்திகதிக் காசோலை வாங்குவதை நிறுத்திவிட்டார்கள் என்றார். கைக்காசு மட்டும். செப்டெம்பரில் பணவீக்கம் எழுபது வீதத்தைத் தொட்ட நாட்டில் நாற்பத்தைந்து நாள் என்பது ஒரு யுகம். "காசோலை நிண்ட அண்டைக்குத்தான் அண்ணை நாடு நிண்டது எண்டு எனக்கு விளங்கினது."

வீதிக்கு வந்ததும் நான் அவளிடம் சொன்னேன், உன் ஆய்வு இப்போது நீ கேட்டது, பையில் இருப்பதல்ல என்று. அவள் அதைக் குறிப்புப் புத்தகத்தில் எழுதிக்கொண்டாள். மேற்பார்வையாளர் என்ன சொன்னார் என்பதைப் பின்னர் கூறுகிறேன்.

இலங்கையில் 2013/14 பொருளாதாரத் தொகைமதிப்பின்படி விவசாயம் சாராத தொழில் நிலையங்கள் சுமார் பத்து இலட்சம். அவற்றில் பத்தில் ஒன்பதுக்கு மேற்பட்டவை நுண் நிறுவனங்கள். விரல்விட்டு எண்ணக்கூடிய ஆட்களோடு நடப்பவை. கொழும்புப் பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்ட கம்பனிகளோ முந்நூறுக்கும் குறைவு. நமது முகாமைத்துவ பீடங்களின் மாநாட்டுத் தொகுப்புகளைப் புரட்டுங்கள். கம்பனி ஆளுகையும் இலாபமும், மூலதனக் கட்டமைப்பும் செயலாற்றுகையும் என்று அந்த முந்நூறுக்குள்ளேயே சுற்றிச் சுற்றி வரும் கட்டுரைகள் எத்தனை! காரணம் இலகுவானது. அந்தக் கம்பனிகளின் ஆண்டறிக்கைகள் இணையத்தில் கிடைக்கின்றன. கதிரையை விட்டு எழும்பத் தேவையில்லை. தெருவிளக்கின் கீழ் வெளிச்சம் இருக்கிறது என்பதற்காக அங்கேயே திறப்பைத் தேடியவனின் கதைதான்.

கதிரையை விட்டு எழும்புகிறவர்களோ இரவல் அளவுகோலோடு எழும்புகிறார்கள். சேவைத் தரத்தை அளக்கும் 'சேர்வ்குவால்' என்ற 22 கூற்றுகள் கொண்ட அளவுகோல் 1988 இல் வெளிவந்தது. அதை ஆக்கிய மூவரில் முதல்வர் சென்னை ஐ.ஐ.டி.யில் படித்த பரசுராமன். நம்மவர் என்று பெருமைப்படலாம். ஆனால் அவரும் மற்ற இருவரும் அதை அமெரிக்க வங்கி, கடனட்டை, பழுதுபார்த்தல், தொலைபேசி வாடிக்கையாளர்களிடம் பரீட்சித்தே அமைத்தார்கள். அவர்கள் செய்தது நேர்மையான வேலை. அதே 22 கூற்றுகளை மொழிபெயர்த்து ஒரு கிராமிய வங்கிக் கிளையின் வரிசையில், அடகு நகையை மீட்க நிற்கும் கிழவியிடம் நீட்டுவது யாருடைய வேலை?

ஹொஃப்ஸ்டீடின் கலாசாரச் சுட்டிகளும் அவ்வாறே. 1967 முதல் 1973 வரை ஐ.பி.எம். ஊழியர்களிடம் எடுத்த கணக்கெடுப்பு அது. 1980 இல் நூலாக வந்தபோது அதில் இருந்த நாற்பது நாடுகளில் இந்தியா உண்டு, பாகிஸ்தான் உண்டு, இலங்கை இல்லை. ஆயினும் 'இலங்கை அதிகார இடைவெளி கூடிய சமூகம்' என்று அவரை மேற்கோள் காட்டித் தொடங்கும் கட்டுரைகளை நானே வாசித்திருக்கிறேன். தோட்டத்துத் துரைக்கு முன்னால் கைகட்டி நின்ற சமூகத்தைப் பற்றி அறிய ஐ.பி.எம். ஊழியர்களிடம் போக வேண்டியிருக்கிறது பாருங்கள்.

இதையெல்லாம் வேடிக்கையாகக் கடந்துபோகலாம், நுண்கடன் என்ற ஒன்று நடவாதிருந்தால்.

2009 இல் யுத்தம் முடிந்ததும் வடக்கு, கிழக்குக்கு நிதிக் கம்பனிகள் படையெடுத்தன. கிழமைக் கடன், குழுக் கடன் என்று மோட்டார் சைக்கிளில் இளைஞர்கள் கிராமங்களுக்குள் இறங்கினார்கள். கணவனை இழந்த பெண், காணாமற்போனவனைத் தேடும் பெண், வீட்டுத்திட்டத்தில் அரைகுறையாகச் சுவர் எழுப்பியவள் எல்லோரும் கையெழுத்திட்டார்கள். ஒரு கடனை அடைக்க இன்னொரு கடன். 2018 செப்டெம்பரில் இலங்கை வந்த ஐ.நா. சுயாதீன நிபுணர் போகோஸ்லாவ்ஸ்கி இந்தக் கடன்களின் வருட வட்டி 220 வீதம் வரை செல்வதைச் சுட்டிக்காட்டினார். அதே ஆண்டில், வரட்சியால் பாதிக்கப்பட்ட மாவட்டங்களில் ஓர் இலட்சம் ரூபாவுக்கு உட்பட்ட பெண்களின் கடனை அரசாங்கமே ஏற்கவேண்டி வந்தது. 2021 மார்ச்சில் பொலன்னறுவை ஹிங்குராக்கொடையில் சிங்களப் பெண்கள் வீதியோரம் சத்தியாக்கிரகம் இருந்தார்கள். இடையில் உயிரை மாய்த்துக்கொண்டவர்களின் செய்திகளைத் தலைப்பிட்டு அச்சுக்கு அனுப்பியவர்களில் நானும் ஒருவன்.

அதே வருடங்களில் நமது மாநாடுகளில் வாசிக்கப்பட்ட கட்டுரைகளை நினைத்துப் பார்க்கிறேன். நுண்நிதிக்கும் பெண்களின் வலுவூட்டலுக்கும் இடையே குறிப்பிடத்தக்க நேர்த் தொடர்பு உண்டு. கருதுகோள் ஏற்றுக்கொள்ளப்பட்டது. இந்த முடிவோடு வந்தவை எத்தனையோ. யாரும் பொய் சொல்லவில்லை என்பதுதான் இதிலுள்ள பயங்கரம். பெயர்ப்பட்டியல் எங்கிருந்து வருகிறது? கடன் கொடுத்த நிறுவனத்திடமிருந்து. வினாக்கொத்து எங்கே நிரப்பப்படுகிறது? கிழமைக் கூட்டம் நடக்கும் முற்றத்தில், வசூலிக்க வந்தவரின் பார்வைக்குள். அடுத்த கடனுக்குக் காத்திருக்கும் பெண் 'கடன் பெற்ற பின் என் தன்னம்பிக்கை அதிகரித்துள்ளது' என்ற கூற்றுக்கு எந்தப் பெட்டியில் புள்ளடி இடுவாள்? கட்ட முடியாமல் ஊரை விட்டுப் போனவள் பட்டியலில் இல்லை. இறந்தவளும் இல்லை. எஞ்சியவர்களை மட்டும் எண்ணிவிட்டு எல்லோரும் நலம் என்று எழுதினோம். குரொன்பாக் அல்பா 0.7க்கு மேல் இருந்தபடியால் அது நம்பகமானது என்றும் எழுதினோம். அந்த அல்பா சொல்வதெல்லாம் விடைகள் ஒன்றோடொன்று இசைந்திருக்கின்றன என்பதே. நாற்பதுக்கும் நான்கு போட்டால் இசையாமல் என்ன செய்யும்?

'எழுதினோம்' என்று பன்மையில் சொல்வது தற்செயலல்ல. அக்காலத்தில் நான் பணியாற்றிய பத்திரிகையில் நிதிக் கம்பனிகளின் முழுப்பக்க விளம்பரங்கள் வந்தன. வடக்கின் வளர்ச்சி பற்றிய சிறப்பிதழ் ஒன்றைத் தொகுத்தவன் நான். அதில் வெற்றிபெற்ற பெண் முயற்சியாளர்கள் என்று ஆறு பேரின் படங்களைப் போட்டேன். பெயர்களைத் தந்தது கம்பனியின் பிராந்திய முகாமையாளர். நான் ஒருவரையும் நேரில் போய்ப் பார்க்கவில்லை. பல்கலைக்கழகத்தாரைக் கடிவதற்கு எனக்கு இருக்கும் அருகதை இவ்வளவுதான். ஆயினும் பத்திரிகைத் தாள் மறுநாள் வடை சுற்றப் போய்விடும். ஆய்வு என்ற பெயரில் வருவது கொள்கை வகுப்போரின் மேசைக்குப் போகிறது.

மலையகத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. தோட்டத் தொழிலாளரின் வேலைக்கு வராமைக்கும் 'ஊக்குவிப்பு' குறைவுக்கும் உள்ள தொடர்பை அளக்கிறார்கள். 2021 இல் நாட்சம்பளம் 1,000 ரூபா ஆனதும் பல தோட்டங்களில் பறிக்கவேண்டிய கிலோவும் கூட்டப்பட்டதே, அது எந்த மாறிக்குள் அடங்கும்? தராசில் கழிக்கப்படும் கொழுந்து எந்தப் பெட்டிக்குள் வரும்?

விரிவுரையாளர் நண்பர் ஒருவரிடம் இதைச் சொன்னபோது அவர் கோபித்துக்கொண்டார். "நீங்கள் சொல்லுறது கதை, எங்களுக்கு ஆதாரம் வேணும்" என்றார். பதவி உயர்வுக்குப் புள்ளி வேண்டும், சுட்டியிடப்பட்ட சஞ்சிகை வேண்டும், ஒரு வெங்காயக் கடையில் ஆறு மாதம் உட்கார்ந்து எழுதியதை எந்தச் சஞ்சிகை ஏற்கும் என்றும் கேட்டார். இரண்டாவது வாதத்தில் நியாயம் உண்டு. அது அவரைப் பிழிகிற முறைமையின் குற்றம். முதலாவதை ஏற்கமாட்டேன். கானாவின் கொக்கோ விவசாயிகள் சோம்பேறிக் குடியானவர்கள் என்று எண்ணப்பட்ட காலத்தில், அவர்கள் கூட்டாகக் காணி வாங்கி இடம்பெயர்ந்து முதலீடு செய்த முயற்சியாளர்கள் என்று 1963 இல் நூல் எழுதி நிறுவியவர் பொலி ஹில். கிராமம் கிராமமாகப் போய்க் காணிப் பதிவுகளைப் பார்த்தார், கேட்டார். இன்று முகாமைத்துவ மாணவர் அனைவரும் உச்சரிக்கும் 'முறைசாராத் துறை' என்ற கருத்துக்கு வழிவகுத்தவர்களில் முக்கியமானவரான கீத் ஹார்ட், அக்ரா நகரின் சேரியில் வாழ்ந்துதான் அதைக் கண்டார். இவை கதையா, ஆதாரமா?

தொலைவுக்குப் போகவும் வேண்டாம். அஹமதாபாத் முகாமைத்துவ நிறுவகம் 1961 இல் ஹார்வர்டின் துணையோடு பிறந்தது. அதன் முதலாவது முழுநேர இயக்குநர் ரவி மத்தாய் பதவியைத் தானாகவே விட்டிறங்கி, ஆசிரியராகத் தொடர்ந்தவர். 1975 இல் ராஜஸ்தானின் ஜவாஜா பகுதிக்குப் போய், நெசவாளரோடும் தோற்றொழிலாளரோடும் பல வருடம் உழைத்தார். முகாமைத்துவம் என்பது கம்பனிகளுக்கு மட்டுமா என்பது அவர் கேள்வி. நமது இயக்குநர்களும் பீடாதிபதிகளும் பதவியிறங்கிய பின் எங்கே போகிறார்கள்? தனியார் வங்கிகளின் பணிப்பாளர் சபைக்கு.

ஜவாஜாவை விடப் பெரிய ஆய்வுகூடம் நம்மிடம் இருந்தது. தொண்ணூறுகளின் பொருளாதாரத் தடையில் யாழ்ப்பாணம் எப்படி இயங்கியது? மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள், ஜாம் போத்தலில் சிக்கன விளக்கு, கோடு போட்ட கொப்பித் தாளில் பத்திரிகை. அந்தத் தாளில் என் முதற் செய்திகள் அச்சாகின. பொருள் எந்த வழியால் வந்தது, விலையை யார் தீர்மானித்தார்கள், கூட்டுறவுச் சங்கங்கள் எப்படிப் பங்கிட்டன, யார் கடன் கொடுத்தார்கள், யார் கொழுத்தார்கள்? அதை நடத்தியவர்களுக்கு இப்போது எழுபது, எண்பது வயது. மாதந்தோறும் மரண அறிவித்தலில் அவர்களைப் பார்க்கிறேன். ரொறன்ரோவிலும் பாரிசிலும் லண்டனிலும் கடிதாசி ஒன்றுமில்லாமல் இலட்சக்கணக்கில் சீட்டுப் பிடிப்பவர்கள் அந்தக் கல்லூரியில் பட்டம் பெற்றவர்களே. அவர்களிடம் போய் ஒருமைப்பாட்டுச் சுட்டியைக் கேட்காதீர்கள். யாருக்குச் சீட்டுக் கொடுக்க மாட்டீர்கள், ஏன் என்று கேளுங்கள்.

பெறாமகளின் கதையை முடிக்கவேண்டும். காசோலையைப் பற்றி எழுதலாமா என்று மேற்பார்வையாளரிடம் கேட்டிருக்கிறாள். சுவாரசியமானதுதான், ஆனால் மாதிரியுருவில் அதற்கு மாறி இல்லை, வேண்டுமானால் பின்னிணைப்பில் போடு என்றாராம். பக்க வரம்பு மிஞ்சியதால் பின்னிணைப்பிலும் போகவில்லை. கருதுகோள்கள் ஐந்தும் ஏற்கப்பட்டன. நல்ல சித்தி. குறிப்புப் புத்தகத்தை என்னிடம் தந்துவிட்டுப் போனாள். அதில் ஒரு காசோலை கடந்த ஐந்து கைகளும் அம்புக்குறியிட்டு வரையப்பட்டிருக்கின்றன. மூன்றாவது கையின் பெயரை முதலாளி சொல்ல மறுத்துவிட்டார். அந்த இடத்தில் அவள் ஒரு கேள்விக்குறி இட்டிருக்கிறாள்.