பூச்சிக்குப் பூச்சி, கூடவே மருந்து! நாசிக் திராட்சைக்கு வழி பிறக்குமா?

மாசி, பங்குனி பிறந்துவிட்டால் மாதுங்கா மார்க்கெட்டிலும் தாராவி 90 அடி சாலையிலும் தள்ளுவண்டி தள்ளுவண்டியாகத் திராட்சை. எல்லாம் நாசிக், சாங்லி பக்கத்துச் சரக்கு. சில கொத்துகளை உற்றுப் பார்த்தால் பழத்தின் தோலில் தேமல் போலப் பழுப்புத் தடம் தெரியும். "வெயில் பட்டது சார்" என்பார் வியாபாரி. பல சமயம் அது வெயில் அல்ல. இலைப்பேன் சுரண்டிய தழும்பு.

தின்கிறவருக்கு அந்தத் தழும்பால் கெடுதல் இல்லை. பயிர் செய்தவருக்குத்தான் அடி. ஐரோப்பாவுக்குக் கப்பல் ஏற வேண்டிய பழம், தடம் விழுந்ததும் உள்ளூர் வண்டிக்கு இறங்கிவிடுகிறது. எனவே விவசாயி மருந்துத் தெளிப்பானைத் தூக்குகிறார். கூடுதலாக அடித்தாலோ வேறொரு ஆபத்து. 2010-ல் இந்தியத் திராட்சையில் மருந்து மிச்சம் இருக்கிறது என்று ஐரோப்பாவில் தடுத்தார்கள். அன்று சிக்கியது குளோர்மெக்வாட் என்ற வளர்ச்சிக் கட்டுப்பாட்டு மருந்து, பூச்சிமருந்து அல்ல. ஆனாலும் கடன் வாங்கிப் பயிரிட்டவர் தலையில்தான் சுமை விழுந்தது.

அடித்தால் பூச்சி மிஞ்சும், அடிக்காவிட்டால் பழம் மிஞ்சாது. இதற்கு என்னதான் வழி?

கோயம்புத்தூர் விலாசம்

இந்த இலைப்பேனுக்கு நம் ஊர் விலாசம் ஒன்று உண்டு. 1919-ல் ஹூட் என்ற அமெரிக்க அறிஞர் இதற்கு விஞ்ஞானப் பெயர் சூட்டினார். அவருக்குக் கிடைத்த மாதிரி, கோயம்புத்தூரில் ஆமணக்குச் செடியில் பிடிபட்டது! பிற்பாடு மிளகாயைப் பாழாக்கி 'மிளகாய் இலைப்பேன்' என்று கெட்ட பெயர் வாங்கியது. 2005-ல் அமெரிக்காவின் ஃபுளோரிடா மாநிலத்தில் கால் ஊன்றியது. இன்று அங்குள்ள ஸ்ட்ராபெரி விவசாயிகளுக்குப் பெரிய தலைவலி இதுதான்.

நீளம் சுமார் ஒரு மில்லிமீட்டர். முட்டையை இலைத் தசைக்குள் செருகிவிடும். குஞ்சு துளிரிலும் பூவிலும் ஒளிந்து சாறு உறிஞ்சும். கூட்டுப்புழுப் பருவத்தைச் சருகிலும் மண்ணிலும் கழிக்கும். மேலே அடிக்கிற மருந்து முட்டையையும் எட்டாது, சருகில் கிடப்பதையும் எட்டாது. வெப்பமான நாட்களில் இரண்டு மூன்று வாரத்துக்குள் அடுத்த தலைமுறை தயார். அதற்குள் மருந்து வேறொரு காரியத்தையும் செய்து முடித்திருக்கும். இலைப்பேனைத் தின்று வாழ்ந்த நாவாய்ப்பூச்சி, கண்ணாடி இறக்கைப் பூச்சியின் புழு, பொறிவண்டு எல்லாவற்றையும் கொன்றிருக்கும். போலீஸ் இல்லாத ஊரில் திருடன் பாடு சொல்ல வேண்டுமா?

கற்பனை அல்ல. ஃபுளோரிடாவில் குடைமிளகாய் வயல்களில் பைரித்ராய்டு வகை மருந்தை அடித்தபோது இலைப்பேன் குறைவதற்குப் பதில் பெருகியது. 'ஓரியஸ்' என்ற சிறு நாவாய்ப்பூச்சி செத்துப்போனதே காரணம். ஸ்பினோசாட் என்ற மருந்தை அடித்த வயல்களில் இலைப்பேன் குறைந்தது, ஓரியஸ் பெருமளவு தப்பியது. மருந்தா, பூச்சியா என்ற சண்டையே அங்கு எழவில்லை. எந்த மருந்து, எப்போது என்பதே கேள்வி.

ரெயில்வேக்காரர்களுக்கு இது எளிதில் புரியும். ஒற்றை லைனில் இரண்டு வண்டி ஓடலாம். லைன் கிளியர் இல்லாமல் ஓடக்கூடாது. முதலில் துளிரை வெள்ளைத் தாளில் தட்டி எத்தனை இலைப்பேன் விழுகிறது என்று எண்ண வேண்டும். கூட்டம் அதிகமானால், நன்மை செய்யும் பூச்சியை அதிகம் தாக்காத மருந்தால் அதைக் குறைக்க வேண்டும். மருந்தின் வீரியம் தணிந்த பிறகே இரைவிழுங்கியை விட வேண்டும். அதன்பின் கண்ட மருந்தும் கூடாது. ஸ்பினோசாட்கூட ஈரம் காயும் வரை தேனீக்கு விஷம்தான். 1959-லேயே கலிபோர்னியாவில் ஸ்டெர்ன் என்பவரும் அவர் தோழர்களும் குதிரைமசால் பயிரில் இந்த முறையை விளக்கி எழுதிவிட்டார்கள். இந்திய சர்க்கார் 1985-ல் கொள்கையாகவே ஏற்றது. கொள்கை வயலுக்கு வந்து சேர்ந்ததா?

கடைக்காரர்தான் டாக்டர்

நாசிக் வட்டாரத்துக்கு இது புதிதும் அல்ல. திராட்சையில் மாவுப்பூச்சியை ஒழிக்க ஆஸ்திரேலியப் பொறிவண்டை விடுவது அங்கு வழக்கம். 1898-ல் காப்பித் தோட்டங்களுக்காக இந்தியா வந்த வண்டு அது. ஆனால் வண்டு விட்ட தோட்டத்திலேயே இலைப்பேனுக்கென்று கடும் மருந்தை அடித்தால் வண்டு சாகும், மாவுப்பூச்சி திரும்பி வரும். அதற்கும் ஒரு மருந்து வாங்க வேண்டும்! மருந்துக் கடைக்காரர் கடனுக்குக் கொடுக்கிறார், யோசனையும் அவரே சொல்கிறார். பூச்சியை எண்ணச் சொல்லிக்கொடுக்க அவருக்கு என்ன கட்டாயம்?

இதன் விளைவை 2021–22-ல் ஆந்திரா, தெலங்கானா மிளகாய் வயல்களில் கண்டோம். தென்கிழக்கு ஆசியாவிலிருந்து வந்த கறுப்பு இலைப்பேன் குண்டூர், கம்மம், வாரங்கல் பகுதிகளைச் சூறையாடியது. விவசாயிகள் மருந்து மேல் மருந்து அடித்தும் அடங்கவில்லை. செடியைப் பிடுங்கிப் போட்டவர்களும் உண்டு.

மருந்து அடிப்பவர் யார் என்பதையும் நாம் மறக்கக்கூடாது. 2017-ல் இதே மகாராஷ்டிரத்தின் யவத்மாள் மாவட்டத்தில், பருத்திக்கு மருந்து தெளித்தபோது அந்த விஷம் தாக்கி விவசாயிகளும் கூலியாட்களுமாக 20 பேருக்கு மேல் மாண்டார்கள். முகமூடி இல்லை, கையுறை இல்லை. ஐந்து முறை தெளிக்கிற இடத்தில் இரண்டு முறை போதும் என்றால், அந்தக் கூலியாளுக்கு மூன்று முறை உயிர் மிச்சம்.

பப்பாளி காட்டிய வழி

சர்க்கார் நினைத்தால் முடியாதா? தமிழ்நாட்டில் முடிந்திருக்கிறது. 2008-ல் கோவையில் பப்பாளி மாவுப்பூச்சி தென்பட்டது. பப்பாளி, மல்பெரி, மரவள்ளி எல்லாம் வெளுத்தன. மருந்தால் ஒழியவில்லை. 2010-ல் பியூர்ட்டோ ரிக்கோவிலிருந்து மூன்று வகை ஒட்டுண்ணிக் குளவிகளை வரவழைத்தார்கள். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் அவற்றைப் பெருக்கி விவசாயிகளுக்கு இலவசமாகக் கொடுத்தது. குளவி விட்ட இடத்தில் மருந்து அடிக்காதீர்கள் என்றும் சொன்னது. இரண்டு வருஷத்துக்குள் மாவுப்பூச்சி அடங்கியது.

இலைப்பேன் அவ்வளவு சுலபமாக அடங்காது என்பது உண்மை. அதற்கு அந்த மாதிரி ஒரே ஒரு எமன் வாய்க்கவில்லை. ஆகவேதான் மருந்தும் வேண்டும், இரைவிழுங்கியும் வேண்டும், இரண்டுக்கும் நடுவே நாள் கணக்கும் வேண்டும். புனேக்குப் பக்கத்தில் மாஞ்சரியில் தேசியத் திராட்சை ஆராய்ச்சி மையம் இருக்கிறது. எந்த மருந்தை அறுவடைக்கு எத்தனை நாள் முன்பு நிறுத்த வேண்டும் என்று அது பட்டியல் போட்டுத் தருகிறது. நல்ல காரியம். ஐரோப்பியருக்காகப் போட்ட அந்தக் கணக்கைப் போலவே, எந்த மருந்துக்குப் பிறகு எத்தனை நாள் கழித்துப் பூச்சியை விடலாம் என்ற கணக்கும் மராத்தியில் ஒவ்வொரு மருந்துக் கடைச் சுவரிலும் தொங்க வேண்டும். கம்பம் பள்ளத்தாக்கின் பன்னீர் திராட்சை 2023-ல் புவிசார் குறியீடு பெற்றது. அங்கே தமிழில் தொங்கட்டும்.

நாசிக்கில் அக்டோபர் மாதம் பழத்துக்கான கவாத்து நடக்கும். அடுத்த சில வாரங்களில் துளிரும் பூவும் வரும், இலைப்பேனும் வரும். அப்போது கண்ணாடி இறக்கைப் பூச்சியின் முட்டை வேண்டும் என்று கேட்டால் எந்த ஆய்வுக்கூடமும் உடனே எடுத்துக் கொடுக்க முடியாது. வளர்க்க நாள் பிடிக்கும். ஆகஸ்டிலேயே கிராமக் கூட்டுறவுச் சங்கங்கள் மூலம் தேவையைக் கேட்டுப் பதிவு செய்து, வளர்ப்புச் செலவில் ஒரு பங்கை சர்க்கார் ஏற்க வேண்டும்.