இன்னோவாவுக்கு எதுக்கு சார் பில்லு?

காரியாபட்டியில் காலை நேரத்து டீக்கடை பெஞ்சில் இப்போதெல்லாம் அரசியல் பேச்சு குறைந்துவிட்டது. வண்டிதான் பேச்சு. ஒருவர் டொயோட்டா கட்சி, ஒருவர் மாருதி கட்சி, இன்னொருவர் மகிந்திரா. எந்தக் கட்சிக்காரரும் விட்டுக்கொடுப்பதில்லை. இத்தனை நாள் சிரித்துக்கொண்டே கேட்டவன்தான் நான். இந்த மாதம் சிரிக்க முடியவில்லை. விஷயம் எங்கள் வீட்டுக்குள் வந்துவிட்டது.

என் மைத்துனருக்கு வாரம் மூன்று நாள் மதுரையில் டயாலிசிஸ். முதல் ஷிப்ட்டு என்பதால் விடிவதற்குள் கிளம்ப வேண்டும். வாடகை வண்டி கட்டுப்படியாகவில்லை என்று அவர் மகன், காட்டை விற்ற பணத்தில் சொந்தமாக ஒரு வேன் வாங்கப் போகிறான். கையில் ஆறு லட்சம். அந்தப் பணத்துக்குப் புது ஈகோ வரும், அல்லது பத்துப் பன்னிரண்டு வருஷம் ஓடிய இன்னோவா வரும். "மாமா, இன்னோவான்னா கண்ணை மூடிக்கிட்டு வாங்கலாம். நாலு லட்சம் கிலோமீட்டர் ஓடினாலும் கல்லு மாதிரி இருக்கும்" என்கிறான்.

"மாப்ளே, கண்ணை மூடிக்கிட்டு மாத்திரைகூட வாங்கக் கூடாது" என்றேன். அவனுக்குக் கோபம்.

இன்னோவா நல்ல வண்டி. அதில் எனக்குச் சந்தேகமில்லை. 2005-ல் குவாலிஸை நிறுத்திவிட்டு அதைக் கொண்டுவந்தார்கள். நன்றாக விற்றுக்கொண்டிருந்த வண்டியை யாராவது நிறுத்துவார்களா என்று அன்று பலரும் கேட்டார்கள். வாடகைக்கு ஓட்டுகிறவர்கள் லட்சக்கணக்கில் கிலோமீட்டர் ஓட்டிக் காட்டிவிட்டார்கள். ஆனால் அந்தப் பெருமை யாருடையது? பத்தாயிரத்துக்கு ஒருமுறை எண்ணெய் மாற்றி, டைமிங் பெல்ட்டைக் கணக்கு வைத்து மாற்றிய ஓட்டுநருடையதும்தானே? பெல்ட்டைக் கவனிக்காமல் விட்டு அது அறுந்தால், எந்த நாட்டு வண்டியானாலும் இன்ஜினைப் பிரிக்கத்தான் வேண்டும். மூன்று கை மாறிய வண்டியை வாங்குகிறவன் டொயோட்டாவை வாங்கவில்லை. முன்னால் ஓட்டிய மூன்று பேரின் பழக்கத்தை வாங்குகிறான்.

பெயருக்காக வண்டி ஓடாது, பெயரில்லாததால் நின்றும் போகாது. இதற்கு மாருதியே சாட்சி. 2001-ல் வெர்சா என்று ஒரு வேன் விட்டார்கள். அமிதாப் பச்சனும் மகனும் விளம்பரத்தில் வந்தார்கள். விலையைக் கேட்டுவிட்டு ஜனங்கள் போய்விட்டார்கள். 2010-ல் அதே கூட்டின் அலங்காரத்தைக் கழற்றி, சின்ன இன்ஜின் வைத்து, விலையைக் குறைத்து ஈகோ என்று பெயர் மாற்றி விட்டார்கள். இன்றைக்கு ஸ்கூல் பிள்ளைகள் முதல் ஆம்புலன்ஸ் வரை அதுதான். கம்பெனி அதே கம்பெனி, கூடு அதே கூடு.

செவர்லே டவேராவை எடுத்துக்கொள்ளுங்கள். நம் பக்கத்தில் கல்யாணம், கோயில், சபரிமலை எல்லாவற்றுக்கும் ஓடிய வண்டி. 2013-ல் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட டவேராக்களைக் கம்பெனி திரும்ப அழைத்தது. புகைச் சோதனையில் முறைகேடு நடந்ததாக அவர்களே ஒப்புக்கொண்டார்கள். 2017-ல் இந்தியாவில் விற்பனையையே நிறுத்திவிட்டார்கள். 2021-ல் ஃபோர்டு, மறைமலைநகர் ஆலை உட்பட இங்கே உற்பத்தியை நிறுத்துவதாக அறிவித்தது. உலகத்துக்கே கார் கற்றுக்கொடுத்த அமெரிக்கப் பெயர்கள் இவை. வாங்கும்போது "பெரிய கம்பெனி" என்று வாங்கியவர்களுக்கு அப்புறம் உதிரி பாகம் தேடும் வேலை.

எனக்கும் ஒரு வண்டி இருந்தது. பெயர் வேண்டாம். ஒரு விரல் கனத்தில் ஒரு சென்சாருக்காகப் பத்தொன்பது நாள் மதுரையில் ஷெட்டில் நின்றது. வண்டி நல்ல வண்டிதான், பாகம்தான் வரவில்லை. டயாலிசிஸ் பத்தொன்பது நாள் காத்திருக்குமா?

நான் பாண்டிச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன். வண்டி வழியில் நின்றுவிட்டால் பிரெஞ்சில் 'பான்' என்பார்கள். நம்பகமானது என்பதற்கு 'ஃபியாபிள்'. ஒருவர்மேல் நம்பிக்கை வைப்பது என்ற வினைச்சொல்லில் இருந்து பிறந்த வார்த்தை அது. மனிதனுக்கும் சொல்வார்கள், இயந்திரத்துக்கும் சொல்வார்கள். சித்ரோயன் கம்பெனி 1948-ல் காட்டிய 2சிவி காரை வடிவமைத்தபோது, எந்தப் பெயருக்கும் போட்டியாக யோசிக்கவில்லை. கிராமத்து விவசாயிகள் இரண்டு பேர், 50 கிலோ உருளைக்கிழங்கு, உழுத வயலில் ஓட்டினாலும் கூடையில் முட்டை உடையக் கூடாது. இதுதான் கணக்கு. நம் மாப்பிள்ளையும் அப்படி ஒரு கணக்கு எழுதட்டுமே என்றுதான் கேட்கிறேன்: நோயாளி ஒருவர் சாய்ந்து படுக்க வேண்டும், விடியற்காலையில் முதல் சாவியிலேயே கிளம்ப வேண்டும், கோளாறு என்றால் அருப்புக்கோட்டையிலாவது அன்றைக்கே பாகம் கிடைக்க வேண்டும், நம் ஊர் மெக்கானிக் அதைப் பிரித்துப் பார்த்திருக்க வேண்டும்.

இப்படிச் சொன்னதும் "மாமா ஈகோ கட்சி" என்று பெஞ்சில் பேசிக்கொள்கிறார்களாம். இல்லை ஐயா. 2016-ல் குளோபல் என்கேப் மோதல் சோதனையில் ஏர்பேக் இல்லாத ஈகோ வாங்கியது பூஜ்யம் நட்சத்திரம். இப்போது ஏர்பேக் வைத்து வருகிறது, சரி. ஆனால் இன்ஜின் முன் சீட்டுக்கு அடியில். சித்திரை வெயிலில் நம் கரிசல் ரோட்டில் அதில் உட்கார்ந்து பார்த்தவர்களுக்குத் தெரியும். ஊசி போட்ட கையோடு திரும்பி வருகிற மனிதருக்கு இன்னோவாவின் சீட்டும் குலுங்காத ஓட்டமும் எவ்வளவு ஆறுதல் என்று எனக்கும் தெரியும். அதனால்தான் வேண்டாம் என்று சொல்லவில்லை. காட்டு, அப்புறம் வாங்கு என்கிறேன். முப்பது வருஷம் குமாஸ்தா வேலை பார்த்தவன், காகிதம் இல்லாமல் எதையும் நம்பிப் பழக்கமில்லை. 15 வருஷம் முடிந்தால் ஆர்.சி. புதுப்பிக்க வேண்டும். 2012 வண்டியை இன்று வாங்கினால் அந்த அலைச்சல் எத்தனை நாள் தள்ளி நிற்கிறது என்றுகூட யாரும் விரல் விட்டு எண்ணுவதில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை புரோக்கர் ஒருவர் வெள்ளை இன்னோவாவை வாசலில் கொண்டுவந்து நிறுத்தினார். மீட்டரில் 1,40,000. வாடகைக்கு ஓடிய வண்டி, வயது பன்னிரண்டுக்கு மேல். பெடல் ரப்பர் தேய்ந்து இரும்பு தெரிகிறது. சர்வீஸ் பில்லைக் கேட்டேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "இன்னோவாவுக்கு எதுக்கு சார் பில்லு?" என்றார். மருமகன் சிரித்தான். மைத்துனர் சிரிக்கவில்லை. திண்ணையில் உட்கார்ந்தபடியே, "அத்தான் கேட்டதைக் கொண்டுவரச் சொல்லுப்பா" என்றார்.

இன்னும் பில் வரவில்லை. செவ்வாய், வியாழன், சனி வாடகை வண்டியில்தான் போய் வருகிறார்கள்.