கிரவல் றோட்டு யாருடையது?



போன கூட்டத்தில் "இந்தக் கோடைக்கு எல்லாரும் சேர்ந்து ஒரு சைக்கிள் பயணம் போவம், கார் வராத கிரவல் றோட்டாப் பார்த்து" என்று நான் சொன்னதும் ஸூம் பெட்டிகளுக்குள் சிரிப்பு எழும்பியது. ஒரு அக்கா ஒளிக்காமல் கேட்டா: "தம்பி, அகதிச் சட்டம், வாடகை, காசா எண்டு தலைக்கு மேல வேலை கிடக்கு. நீர் என்னடாவெண்டா அல்ப்ஸ் மலையில சைக்கிள் ஓடக் கூப்பிடுறீர். அது வெள்ளைக்காரரின்ர ஞாயிற்றுக்கிழமை வேலையெல்லோ?"

அண்டைக்கு எனக்கு வாய் வரவில்லை. இப்போது எழுதுகிறேன். அக்கா சொன்னதில் பாதி சரி. மற்றப் பாதி எங்கள் இடதுசாரிகளின் சோம்பல்.

சரியான பாதியை முதலில் ஒத்துக்கொள்கிறேன். கிரவல் பைக் என்று கடையில் தனியாக ஒரு இனம் விற்கிறார்கள். விலை மூவாயிரம், ஐயாயிரம் பிராங். விளம்பரத்தில் ஒரு மெலிந்த மனுசன், பின்னால் பனிமலை, மேலே 'சுதந்திரம்' என்ற சொல். ஊரில் கிரவல் றோட்டு என்றால் அரசாங்கம் தார் போடாமல் விட்ட றோட்டு. அதை இங்கே ஆடம்பரமாக விற்கிறார்கள் என்று அப்பாவுக்குச் சொன்னேன். பெற்றோல் தடைக் காலத்தில் சைக்கிளில் விறகு கட்டி ஓடிய மனுசன், கனநேரம் சிரித்தார்.

ஆனால் சைக்கிளைத்தான் கடைக்காரன் விற்கிறான், றோட்டை அவன் போடவில்லை. அல்ப்ஸ் அடிவாரங்களிலும் பள்ளத்தாக்குகளிலும் நீங்கள் காண்கிற அந்தக் கல் றோட்டுகளில் பெரும்பாலானவை மரம் இறக்கும் லொறிக்காகவும் மேய்ச்சல் நிலங்களுக்குப் போய்வரவும் வெட்டியவை. பலவற்றுக்கு அரச மானியம், அதாவது எங்கள் வரிப்பணமும், போயிருக்கிறது. அங்கே கார் வராதது இயற்கையின் அருளால் இல்லை. ஒரு சட்டம் காரை வெளியே நிறுத்தி வைத்திருக்கிறது. சட்டம் என்று வந்துவிட்டால், யாரை உள்ளே விடுவது, யாரை வெளியே நிறுத்துவது என்பது அரசியல். எங்கள் வேலை.

நான் பிறந்தது பேர்ணில். அங்கே இதையெல்லாம் நான் யோசித்ததே இல்லை, ஏனென்றால் யோசிக்கத் தேவை இருக்கவில்லை. சுவிஸ் குடியியல் சட்டத்தின் 699 ஆம் பிரிவு, 1912 இலிருந்து நடைமுறையில் இருப்பது, காட்டுக்குள்ளும் மேய்ச்சல் நிலத்துக்குள்ளும் போகவும் காளானும் பெரிப்பழமும் பிடுங்கவும் யாருக்கும் உரிமை தருகிறது. நிலம் யார் பெயரில் இருந்தாலும் சரி. காட்டுச் சட்டத்தின் 15 ஆம் பிரிவு காட்டு றோட்டில் மோட்டார் வண்டியைத் தடுக்கிறது. பேர்ண் மாநிலத்தில் சைக்கிளுக்கு உள்ள விதி எளிமையானது: றோட்டில் ஓடலாம், றோட்டை விட்டு மரங்களுக்குள்ளால் வெட்டி ஓடக்கூடாது. சுவிசை நான் சொர்க்கம் என்று சொல்லவில்லை. அங்கே அகதி முகாம்களில் இருந்தவர்களைக் கேட்டால் தெரியும். இந்த ஒரு விசயத்தில் சட்டம் ஒழுங்காக இருக்கிறது, அவ்வளவுதான்.

முதுகலை படிக்க இன்ஸ்ப்ரூக் வந்த பிறகுதான் கண் திறந்தது. ஒஸ்ரியாவின் 1975 ஆம் ஆண்டுக் காட்டுச் சட்டம், 33 ஆம் பிரிவு: யாரும் பொழுதுபோக்க காட்டுக்குள் நடந்து போகலாம். வண்டி ஓட்டுவதென்றால் உரிமையாளரின் சம்மதம் வேண்டும், காட்டு றோட்டாக இருந்தால் அதைப் பராமரிப்பவரின் சம்மதம். சைக்கிளும் வண்டிதான். நாட்டின் ஏறக்குறைய பாதி காடு, அதில் பெரும்பங்கு தனியார் கையில். ஆகவே நடக்கிறவனுக்குத் திறந்திருக்கும் அதே றோட்டு, நாற்பது தொன் லொறியைத் தாங்குகிற றோட்டு, சைக்கிளுக்கு மூடியது. மீறினால் அபராதம் வரலாம். நிலக்காரன் தன் உடைமைக்கு இடையூறு என்று தனியாக வழக்கும் போடலாம்.

பல இடங்களில் யாரும் கேட்பதில்லை என்பது உண்மை. எல்லாரும் ஓடுகிறார்கள். ஆபத்து அதற்குள்தான் இருக்கிறது. போன வருசம் ஒரு பள்ளத்தாக்கில் தடுப்புக் கம்பத்தைத் தாண்டி ஓடிக்கொண்டிருந்தேன். எனக்கு முன்னால் இரண்டு பேர், விலை கூடிய சைக்கிள், பொன் முடி. வளைவில் ஒரு ஜீப். வேட்டைக்கார மனுசன் இறங்கிக் கை காட்டினார். முதல் கேள்வி சட்டத்தைப் பற்றியது இல்லை. "எங்கயிருந்து வாறாய்?" என்றார். பேர்ண் என்றேன். "இல்லை, உண்மையில எங்கயிருந்து?" அதுக்குப் பிறகுதான் பலகையைக் காட்டினார், என் அடையாள அட்டையைப் படம் எடுத்தார். முன்னால் போன இருவரை நிற்பாட்டினாரோ இல்லையோ எனக்குத் தெரியாது, அந்த மனுசனைக் கெட்டவன் என்று சொல்லவும் வரவில்லை. சொல்ல வருவது இதுதான்: ஒன்றைத் தடைசெய்துவிட்டு 'பரவாயில்லை, கண்டும் காணாமல் விடுவோம்' என்று நடத்துகிற நாட்டில், அந்தக் கண்டும் காணாமை முகம் பார்த்துத்தான் கிடைக்கும். வதிவிட அனுமதியைப் புதுப்பிக்கக் காத்திருக்கிறவர், குடியுரிமைக்குப் பத்திரம் போட்டிருக்கிறவர் அரச முத்திரை குத்திய ஒரு கடிதத்தை விளையாட்டாக எடுக்கமாட்டார். அவர் அந்தக் கம்பத்துக்கு வெளியிலேயே நிற்பார். பிறகு நாங்கள் சொல்லுவோம், எங்கட ஆக்களுக்கு மலையில விருப்பமில்லை எண்டு.

'வெள்ளைக்காரரின் ஞாயிற்றுக்கிழமை' என்ற வார்த்தைக்கும் ஒரு வரலாறு இருக்கு, அக்கா. 1895 இல் வியன்னாவில் 'இயற்கையின் நண்பர்கள்' என்ற தொழிலாளர் அமைப்பு தொடங்கியது. தொடங்கியவர்களில் ஒருவர் பள்ளிக்கூட வாத்தியார், ஒருவர் உலோகத் தொழிலாளி, ஒருவர் சட்டம் படித்துக்கொண்டிருந்த 24 வயது மாணவன், பிற்காலத்தில் ஒஸ்ரியக் குடியரசின் தலைவரான கார்ல் ரென்னர். பிரபுக்களின் வேட்டைக்காடுகளில் மறித்திருந்த பாதைகளுக்காக அவர்கள் சண்டை போட்டார்கள். மலையில் எதிர்ப்பட்டால் சொல்லும் வணக்கத்தைக்கூட மாற்றினார்கள்: 'பெர்க் ஃப்ரை', மலை விடுதலை. அதே காலத்துப் பணக்கார மலையேற்றச் சங்கம் என்ன செய்தது? யூத உறுப்பினர்கள் கூடியிருந்த தன் 'டொனவ்லாண்ட்' கிளையை 1924 இல் வெளியேற்றியது. ஜெர்மனியில் 1896 இல் தொடங்கிய தொழிலாளர் சைக்கிள் சங்கத்தின் பெயரே 'ஒருமைப்பாடு'. அதை நாசிகள் 1933 இல் தடைசெய்தார்கள். இயற்கையின் நண்பர்களை ஒஸ்ரியப் பாசிஸ்டுகள் 1934 இல். ஞாயிற்றுக்கிழமை யாருடையது என்பதற்கு ஆட்கள் அடிபட்டிருக்கிறார்கள். 1975 இல் நடக்கிறவனுக்குக் காடு திறந்ததும் சமூக ஜனநாயகக் கட்சி பெரும்பான்மையாக ஆண்ட காலத்தில்தான். மலையில் சைக்கிள் ஓடுவார்கள் என்று அப்போது யாரும் நினைக்கவில்லை. அதை அரைகுறையாகவே விட்டுவிட்டார்கள்.

டிரோல் மாநிலத்தில் இதற்கு ஒரு 'தீர்வு' உண்டு. ஒவ்வொரு பாதைக்கும் நிலக்காரருடன் ஒப்பந்தம் போட்டு, காசு கொடுத்து, பொறுப்புக் காப்புறுதியும் எடுத்து சைக்கிளுக்குத் திறக்கிறார்கள். இன்ஸ்ப்ரூக்கிலிருந்து ரயிலில் ஷார்னிட்ஸ் போய், கார்வெண்டல் மலைகளுக்குள் இசார் ஆற்றோடு அதன் ஊற்றுவரை போகும் கல் றோட்டில் நான் பலமுறை ஓடியிருக்கிறேன். அந்த றோட்டைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. தண்ணீரின் நிறத்தைப் பார்த்தால் தெரியும். ஆனால் அது சலுகை, உரிமை இல்லை. ஒப்பந்தம் முடிந்தால் கம்பம் இறங்கும். பொதுக்காசில் போட்ட றோட்டில் பொதுசனம் போக மறுபடியும் பொதுக்காசில் வாடகை.

வாங்குகிறவர் யார் என்பதையும் கேட்க வேணும். டிரோலில் பரந்த காடும் மேய்ச்சல் நிலமும் ஊரின் பொதுச்சொத்தாக இருந்தவை. இருபதாம் நூற்றாண்டின் நடுவில் அவற்றை 'வேளாண் கூட்டுச் சங்கங்கள்' என்ற பெயரில், மேய்ச்சல் உரிமை இருந்த சில குடும்பங்களின் கையில் பதிந்து கொடுத்தார்கள். ஸ்டுபாய் பள்ளத்தாக்கில் மீடர்ஸ் என்ற சின்ன ஊரின் வழக்கில் 2008 இல் அரசமைப்பு நீதிமன்றம் சொன்னது: மேய்ச்சலும் விறகும் அவர்களுக்கு, அதற்கு மேலான நிலத்தின் பெறுமதி ஊருக்கு. பொதுநிலம் எப்படிக் கைமாறும் என்று வடக்குக் கிழக்கைப் பற்றி எழுதுகிற நாங்கள், வீட்டு வாசலில் நடந்த இதை ஒருநாளும் வாசித்ததில்லை.

ஷார்னிட்ஸிலிருந்து அதே இசார் ஆறு கொஞ்சத் தூரத்தில் ஜெர்மன் எல்லையைத் தாண்டுகிறது. அங்கே பவேரியாவின் 1946 அரசமைப்பு, 141 ஆம் பிரிவு, காட்டையும் மலை மேய்ச்சல் நிலத்தையும் அனுபவிக்கும் உரிமையை எல்லாருக்கும் தருகிறது, தகுந்த பாதையில் சைக்கிளும் ஓடலாம். ஒரே ஆறு, ஒரே மான். மான்கள் அங்கே அழிந்துபோகவில்லை.

மான் என்றபடியால், எதிர்வாதத்தையும் சொல்லிவிடுகிறேன். விடியலிலும் மைம்மலிலும் மான் மேய வரும், குளிர்காலத்தில் அதைக் கலைத்தால் சாகவும்கூடும். இது உண்மை. ஆகவே நேரக் கட்டுப்பாடு வேணும், குளிர்காலத்தில் சில பகுதிகளை மூட வேணும், றோட்டை விட்டு இறங்கக்கூடாது. இதில் எனக்கு ஒரு வாதமும் இல்லை. ஆனால் அந்த அக்கறையை வேட்டைக் குத்தகை விற்கிறவர் சொல்லும்போது எனக்குக் கொஞ்சம் சிரிப்பு வரும். விழுந்து காயப்பட்டால் நிலக்காரன் மாட்டிக்கொள்வான் என்பது மற்றக் கதை. பாதையைப் பராமரிப்பவர் மிக மோசமான கவனக்குறைவுக்கு மட்டுமே பொறுப்பு என்று ஒஸ்ரியக் குடியியல் சட்டமே சொல்கிறது.

எனவே கூட்டத்தில் நான் வைக்கப்போகும் தீர்மானம்: 33 ஆம் பிரிவைத் திருத்தி, லொறி போகிற காட்டு றோட்டு எல்லாவற்றையும் பகலில் சைக்கிளுக்குத் திறக்க வேண்டும், மூடுவதற்குத்தான் காரணம் காட்ட வேண்டும். இயற்கையின் நண்பர்கள் இன்றும் காட்டு றோட்டுகளைத் திறக்கச் சொல்லிக் கேட்கிறார்கள். அவர்களுடன் சேர்ந்து கேட்க எங்களுக்கு என்ன வெட்கம்?

பயணம் செப்டம்பர் முதல் ஞாயிறு. இன்ஸ்ப்ரூக் நிலையத்தில் காலை எட்டரைக்கு. ஷார்னிட்ஸிலிருந்து ஏற்றம் பெரிதில்லை, அகலமான டயர் உள்ள எந்தப் பழைய சைக்கிளும் காணும். சாப்பாடு கட்டிக்கொண்டு வாருங்கோ. என்னிடம் மேலதிகமாக இரண்டு சைக்கிள் இருக்கிறது, ஒன்று அக்காவுக்கு. சீட் உயரத்தை மட்டும் முதலே சொல்லிவிடுங்கோ, ஆணி துருப்பிடித்துக் கிடக்கு.