இறப்பர் கன்றும் டெனிஸ் பந்தும்
கேகாலைப் பக்கம் ஓர் இறப்பர் தோட்டத்தில், அந்தக் காலத்துத் துரைமார் ஆடிய டெனிஸ் திடலை அண்மையில் பார்த்தேன். வலைக்கம்பம் ஒன்று மட்டும் மானாப்புல்லுக்குள் தலைநீட்டி நிற்கிறது. நம் லயத்துப் பிள்ளைகளுக்கு அங்கே கிடைத்த வேலை பந்து பொறுக்குவதுதான். நினைவு ஏனோ சென்னைக்குப் போயிற்று. 1980களின் நடுவில் டெனிஸ் வீரர் விஜய் அமிர்தராஜ் அங்கே பயிற்சித் திட்டம் தொடங்கியபோது பணம் கொடுத்தது பிரிட்டானியா பிஸ்கட் கம்பனி. அதில் வளர்ந்த கல்கத்தாப் பையன் லியாண்டர் பயஸ் 1990இல் விம்பிள்டன் ஜூனியர் பட்டத்தையும், 1996இல் அட்லாண்டாவில் ஒலிம்பிக் வெண்கலத்தையும் வென்ற கதையை யார்தான் அறியார்? என் மனம் பதக்கத்தில் நிற்கவில்லை. முதல் போட்டதற்கும் பதக்கத்துக்கும் இடையிலுள்ள அந்தப் பத்து வருஷத்தில்தான் நிற்கிறது. இன்று உதவி செய்கிறவர் நாளைக்கே பத்திரிகையில் படம் வரவேண்டும் என்கிறார். ஆனால் இறப்பர் கன்று நட்டால் பால்வெட்டுக்கு வர ஆறேழு வருஷமாவது ஆகும் என்பது இங்குள்ள கம்பனிகளுக்குச் சொல்லித்தர வேண்டிய பாடமா? மரத்துக்குக் காத்திருக்கத் தெரிந்தவர்கள், பந்து பொறுக்கியவனின் பேரப்பிள்ளைக்கும் கொஞ்சம் காத்திருந்து பார்க்கலாம்.